முதல் வருஷ ஆல்பம்

"மூணாம் மாசம் குப்புறப் படுத்திருக்கணும், ஆறாம் மாசம் உட்கார்ந்திருக்கணும், முதல் பிறந்தநாளுக்கு நிக்கணும். மூணு படம் போதும்" என்றாள் போட்டோ ஸ்டுடியோவுக்கு வந்த அம்மாள்.

"ஜமாய்ச்சுடலாம்மா" என்றார் ஸ்டுடியோக்காரர். "அந்தந்த மாசம் குழந்தையைத் தூக்கிட்டு வாங்க."

"அதுவரைக்கும் தாங்காது. மூணும் இன்னைக்கே வேணும்."

"ஒரே நாள்ல குழந்தை எப்படிம்மா வளரும்?"

அவள் வாசலைப் பார்த்துக் கைதட்டினாள். பக்கத்து வீட்டுப் பெண்கள் மூவர் ஆளுக்கொரு குழந்தையுடன் உள்ளே வந்தார்கள்.

ஸ்டுடியோக்காரர் மூன்று குழந்தைகளையும் மாறி மாறிப் பார்த்தார். "இதுல உங்க குழந்தை எதும்மா?"

"எதுவும் இல்லை. அடுத்த வாரம் என் பையனுக்குக் கல்யாணம். அவனோட குழந்தைப் படத்தை மண்டபத்துத் திரையில போடணும்னு பொண்ணு வீட்டுல கேக்குறாங்க. ஒண்ணுகூட இல்லைன்னு சொன்னா மானம் போயிடும்."

பின்னால் நின்ற தாடிக்கார மாப்பிள்ளை குனிந்து, ஒரு குழந்தையை உற்றுப் பார்த்து முகம் சுளித்தான்.

"ஆறாம் மாசத்துல என் மூக்கு சப்பையா இருக்கேம்மா, வேற குழந்தை கிடைக்கலையா?"