அரை அங்குலம் தள்ளி

"மூணாவது தடவையா மணமேல்குடியிலேர்ந்து பஸ் ஏறி வந்திருக்கேண்ணே. இன்னமும் முடியலைன்னா எப்படி?"

செபமாலை கோபக்காரர் இல்லை. மாதா கோயில் பாடகர் குழுவுக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுக்கிற சாதுவான மனிதர். அவரையே குரல் உயர்த்த வைத்துவிட்டார் ஆண்டியப்பன்.

திருக்கோகர்ணத்தில் கதவு நிலை என்றால் ஆண்டியப்பன் பட்டறைதான். அவர் ஒரு தடவை அளந்து வெட்டினால் மறுபடி அந்த இடத்தில் உளி படவேண்டியிருக்காது. அப்பேர்ப்பட்டவர், ஒரே ஒரு பேஸ் கிட்டாரை ஐந்து மாதமாகப் போட்டு உருட்டிக்கொண்டிருக்கிறார்.

கடையில் விற்கிற கிட்டாரின் கழுத்து தன் குட்டை விரல்களுக்கு அடங்கவில்லை, அளவு பார்த்துக் கையால் செய்து தாருங்கள் என்று செபமாலை கேட்டிருந்தார். நல்ல பலாப் பலகையும் அவரே கொண்டுவந்து இறக்கினார்.

அந்தப் பலகையில் கழுத்து உட்காரவேண்டிய பள்ளத்தை ஆண்டியப்பன் அகலமாகத் தோண்டிக் கெடுத்தார். வேறு பலகை எடுத்து அதைச் சரிசெய்தார். அப்புறம் கழுத்தை இழைத்து இழைத்து அப்பளமாக்கினார். அதையும் புதிதாகச் செய்யவேண்டி வந்தது.

"அடுத்த மாசம் கிறிஸ்மஸ். முடியாதுன்னா முடியாதுன்னு சொல்லிருங்கண்ணே. ஒங்க கைத்தெறம போயிருச்சுன்னு நெனச்சுக்கிறேன்."

"முடியும்" என்றார் ஆண்டியப்பன். செபமாலை தலையில் அடித்துக்கொள்ளாத குறையாகக் கிளம்பினார்.

உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டிருந்த அமுதவல்லிக்கு உடம்பெல்லாம் கூசியது. முப்பது வருஷமாகப் புருஷனை யாரும் இப்படிப் பேசிக் கேட்டதில்லை.

ஆனால் அவள் கவலை வேறு. இந்தக் கிட்டார் நல்லபடியாக முடிந்து சத்தம் கொடுக்கிற நாளுக்காகத்தான் அவள் உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

ஆண்டியப்பனுக்கு மரம் தெரியும், கிட்டார் தெரியாது. "கோயமுத்தூர்ல திருமுருகன்னு ஒருத்தரு இருக்காரு. மெசேஜ்ல கேட்டா எல்லாம் சொல்லிக் குடுக்குறாரு" என்று அமுதவல்லிதான் ஆரம்பித்து வைத்தாள். இவர் சந்தேகம் கேட்பார், அவள் தன் போனில் டைப் செய்வாள். பதில் வந்ததும் வாசித்துக் காட்டுவாள்.

கோயமுத்தூரும் பொய், திருமுருகனும் பொய். பதில் எழுதுவது பெற்ற பிள்ளை நிலவழகன்.

மூன்று வருஷத்துக்கு முன்னால், பார்த்த வேலையை விட்டுவிட்டு இசைக்குழுவில் பேஸ் வாசிக்கப் போகிறேன் என்றான். ஆண்டியப்பன் அவன் கிட்டாரைத் தூக்கித் தெருவில் வீசினார். "இனிமே இந்த வாசலை மிதிக்காதே" என்றார். போனவன் போனவன்தான். சென்னையில் வாசிக்கிறான், கிட்டார் ரிப்பேரும் பார்க்கிறான். அம்மாவோடு மட்டும் போனில் பேசுவான்.

இந்த வீட்டில் அவன் பேரை எடுத்தாலே ஆண்டியப்பன் சோற்றில் கை வைத்திருந்தாலும் எழுந்து போய்விடுவார். பிள்ளையும் லேசுப்பட்டவன் இல்லை. "நான்னு மட்டும் சொல்லிராதம்மா. சொல்லித் தர்றேன்" என்று கறாராகப் பேசித்தான் சம்மதித்தான்.

கிட்டார் வாசிப்புக்கு வரட்டும், இது உங்க பிள்ளை சொல்லிக் கொடுத்துச் செய்ததுங்க என்று சொல்லிவிட வேண்டும், அந்தச் சந்தோஷத்திலாவது 'வரச்சொல்லு' என்று மனுஷன் வாயிலிருந்து வந்துவிடாதா? அவள் கணக்கு இது. இவரோ, முடிகிற நேரமெல்லாம் எதையாவது கெடுத்து வைக்கிறார்.

"இனி என்ன பாக்கி?" என்று பட்டறைக்குள் வந்து கேட்டாள்.

"பிரிட்ஜ் ஒண்ணுதான். கம்பியெல்லாம் வந்து மாட்டுற தகடு. அவரு என்ன சொல்றாரு?"

அவள் போனைப் பார்த்து வாசித்தாள். "'ஒரு நூல் தள்ளுனாலும் சுருதி சேராது. நல்லா அளந்து வைங்கய்யா'ன்னு போட்டிருக்காரு."

"வேற?"

"வேற ஒண்ணுமில்ல."

"திரும்ப ஒருக்க படி."

வாசித்தாள். காது மந்தமாகிவிட்டதோ என்று அதற்கும் ஒரு கவலை சேர்ந்துகொண்டது.

மத்தியானம் சாப்பிடக் கூப்பிடப் போனாள். ஆண்டியப்பன் டேப்பை வைத்து அளந்து, பென்சிலால் கோடு போட்டுக்கொண்டிருந்தார். மறுபடி அளந்து பார்த்தார். கோடு மயிரிழை பிசகவில்லை. அப்பாடா என்றிருந்தது அவளுக்கு.

அடுத்த நிமிஷம், பிரிட்ஜை எடுத்துக் கோட்டுக்கு அரை அங்குலம் தள்ளி வைத்து, முதல் திருகாணியை முடுக்க ஆரம்பித்தார்.

"என்னங்க பண்றீங்க? கோடு இங்கிட்டுக் கெடக்கு, அங்கிட்டு வச்சு முடுக்குறீங்க!"

அவர் திடுக்கிடவும் இல்லை, நிறுத்தவும் இல்லை. அவள் ஓடிப்போய்க் கையைப் பிடித்தாள்.

"அப்ப இத்தன நாளும் தெரிஞ்சேதான் கெடுத்தீங்களா? அந்த மனுசன் நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி கேட்டுட்டுப் போறாரு. ஊரே சிரிக்குது. ஒங்களுக்கு என்ன கிறுக்கா பிடிச்சிருக்கு?"

ஆண்டியப்பன் திருப்புளியைக் கீழே வைத்தார். அவர் கண் கலங்கி அவள் பார்த்ததே இல்லை. இப்போது பார்த்தாள்.

"சரியா வச்சா இன்னைக்கே முடிஞ்சிரும், அமுதா. அப்புறம் நம்ம பயகிட்ட நான் எதைக் கேக்குறது?"