காலை ஆறு மணிக் கைரேகை

கிட்ட வாருங்கள் கண்ணுகளா, வயிறு எரிகிற கதை ஒன்று சொல்கிறேன்.

நர்சிங் முடித்த கையோடு நிகத், ஓசூரில் ஓர் ஆஸ்பத்திரி ஐசியூவில் வேலைக்குச் சேர்ந்து ஒன்பது நாள். கம்பெனியில் பிரஸ் மெஷினில் அடிபட்ட மாதேஷும் அதே ஒன்பது நாளாக அங்கே நினைவில்லாமல் கிடந்தான்.

கம்பெனி ஆள் வந்தார். "புதுசாம்மா நீ? கேஸ் ஷீட்ல மெஷின்னு எழுதினதை மாத்து. பைக்ல விழுந்தான்னு போடு. மெஷின்ல அடிபட்டவன் தினமும் டூட்டிக்கு வருவானா?"

போனைக் காட்டினார். கம்பெனி வருகைப் பதிவில் அன்று காலை ஆறு மணிக்கும் மாதேஷின் கைரேகை விழுந்திருந்தது.

நிகத் மாதேஷின் போர்வையை விலக்கினாள். விடியலில், ஆறு மணிக்கு முன்பே அவள் துடைத்துவிட்ட அவன் கட்டைவிரலில் புதுக் கிரீஸ் பளபளத்தது.

"மாத்த மாட்டேன் சார். மயக்கத்துலயும் வேலை வாங்கறீங்கன்னு சேர்த்து எழுதறேன்."

எழுதியும்விட்டாள்.

உங்கள் வீட்டிலிருந்து ஷிப்டுக்குப் போகிறவர்கள் முழுசாக வீடு திரும்பட்டும், தாயே.