தலைமாட்டுக் கள்ளி

இப்போதெல்லாம் எவனும் எதையும் மோந்து பார்ப்பதில்லை, போனைத்தான் நீட்டுகிறான் என்று முனகியபடி மூக்கைத் துண்டால் பொத்தினார் சடையாண்டி. மனைவி பேச்சியைப் புதைத்து முப்பது நாளாகிறது. பாறை தட்டியதால் குழி இடுப்பளவுதான் இறங்கியிருந்தது. நாய் மண்ணைப் பறிக்காமலிருக்கத் தலைமாட்டில் நட்ட கள்ளி இன்று பூத்திருந்தது. அறுத்த ஈரல் நிறத்தில் ஐந்து இதழ்கள், மயிர் முளைத்த தோலைப்போல. அதில் ஈக்கள் அப்பிக் கிடந்தன. பிண வாடை குமட்டியது.

"பூவுதான் மாமா நாறுது. ஈய வரவழைக்க இந்தக் கள்ளி அப்பிடி நாறுமாம்," என்றான் மருமகன் தனுஷ்கோடி, பூவைப் படம்பிடித்த போனைப் பார்த்தபடி.

"காலையில ஒம் போனு வேற பேரு சொல்லுச்சே?"

"அப்ப வெளிச்சம் பத்தல."

"வெளிச்சம் பத்தலன்னா பேரு மாறிருமா? அதுக்கு மூக்கு இருக்காடா?"

"அத்தை ஆழத்துலதான் இருக்காக மாமா."

சடையாண்டி பூவைப் பிய்த்து வேலிக்கு அப்பால் எறிந்தார். ஈக்கள் பின்னாலேயே போயின. சில போகவில்லை. குழிமேட்டில் முகம் பதித்து மூச்சை இழுத்தார். நாறியது. மண்ணா, பூவைப் பிய்த்த கையா என்று தெரியவில்லை. கையை மண்ணில் தேய்த்துத் தேய்த்து மோந்தார். இப்போது இரண்டும் ஒன்றுபோல நாறின.

"அதான் பிச்சாச்சே, வாங்க மாமா."

"இன்னும் ஒரு முழம் தோண்டியிருக்கணும்டா," என்று காறித் துப்பிவிட்டு, கையை உடம்பில் படாமல் தள்ளிப் பிடித்தபடி நடந்தார்.