கழற்றாத ஹெட்செட்

படம் முடிந்ததும் கைதட்டினார்கள்.

அவன் தட்டவில்லை.

வெள்ளிக்கிழமை, காலைக் காட்சி. இரவு முழுக்கக் கிடங்கில் பார்சல் பிரித்துவிட்டு நேராக வந்திருந்தான். முன் வரிசையில் ஒருவர் கைக்குட்டையில் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தார். பின்னால் யாரோ, "என்னா டெப்த்துடா" என்றான்.

வெளியே படிக்கட்டில் யூட்யூப் சேனல்களின் மைக்குகள்.

அவன் சொல்லும் விமர்சனத்துக்காகத்தான் காத்திருந்தார்கள்.

மீனவர் படம் வந்தபோது, "ரெண்டரை மணி நேரத்துல ஒருத்தன் கையிலகூட ஒரு தழும்பு இல்ல" என்றான். விருது வாங்கிய படத்துக்கு, "மெதுவா நடந்தா ஆழமா? எங்க ஹவுஸ் ஓனர்கூட மெதுவாத்தான் நடப்பாரு." போன மாதத்து அப்பா பாசப் படத்துக்கு, "அழ வேண்டிய எடத்துல எல்லாம் வயலினே அழுதுடுச்சு. நமக்கு அங்க என்ன வேலை?"

லட்சக்கணக்கில் பார்த்தார்கள். முதல் ஆளாகப் பார்ப்பவள் கோவில்பட்டியிலிருக்கும் அக்கா.

சாலைக்கு அந்தப் பக்கம், கரும்புச் சாற்று வண்டியருகில் ஒருவன் ஹெல்மெட்டைக் கழற்றாமல் நின்றான்.

எட்வின். இந்தப் படத்தின் இயக்குநர். முதல் படம். வெளியே வரும் முகங்களைப் பார்க்க வந்திருந்தான்.

ஐந்து வருடம் முன்பு இருவருக்கும் ஒரே கால் சென்டர். பக்கத்துப் பக்கத்து நாற்காலி.

நேற்று போனில் எட்வின் சொன்னான். "மச்சான், உன் வாயால ஒரு நல்ல வார்த்தை. அது போதும்டா."

கதை ஒன்று இருக்கிறது என்று மட்டும்தான் சொல்லியிருந்தான். யாருடைய கதை என்று சொல்லவில்லை.

படத்தில் நாயகன் கால் சென்டரில் இருக்கிறான். இரவுப் பணி. அப்பா இறந்த செய்தி வருகிறது. ஹெட்செட்டைப் பிடுங்கி எறிகிறான். விசில். பஸ் வழியில் நின்றுவிடுகிறது. மழை. நெடுஞ்சாலையில் ஓடுகிறான். இடைவேளை.

அது அவனுடைய கதை.

அக்காவிடம் அவன் சொன்ன கதை.

நடந்தது வேறு.

செல்போன்கள் லாக்கரில் இருக்கும். அதனால் செய்தி துண்டுச் சீட்டில் வந்தது. சூப்பர்வைசர் அதைக் கீபோர்டின் மேல் வைத்து, தோளைத் தொட்டு, "கிளம்புப்பா" என்றார்.

படித்தான். மடித்தான். மவுஸுக்கு அடியில் வைத்தான்.

அடுத்த அழைப்பை எடுத்தான்.

பிரின்டரில் காகிதம் சிக்கிக்கொண்ட ஒரு கிழவி. பாஸ்வேர்டை மறந்த ஒருவன். திட்டுவதற்காகவே அழைத்த இன்னொருவன். விடியும்வரை பதினோரு அழைப்புகள். ஒவ்வொன்றின் முடிவிலும், வேறு ஏதாவது உதவி வேண்டுமா என்று கேட்டான்.

யாரும் அவனைப் பிடித்து வைக்கவில்லை.

ஏன் என்று இன்றும் அவனுக்குத் தெரியாது.

ஊரில் மாலை ஐந்து மணிவரை காத்திருந்தார்களாம். அவன் போய்ச் சேர்ந்தபோது ஆறரை. பெரியப்பா மகன் கொள்ளி வைத்திருந்தான். விருதுநகர் தாண்டி பஸ் நின்றுவிட்டது, பாதித் தூரம் ஓடினேன் என்று அக்காவிடம் சொன்னான்.

அக்கா நம்பினாள். துக்கத்துக்கு வந்தவர்களிடமெல்லாம் அவளே சொன்னாள். "எந் தம்பி ரோட்டுல ஓடி வந்துருக்கான். பஸ்ஸுதான் கெடுத்துப்போட்டு."

அந்தப் பதினோரு அழைப்புகளையும் பக்கத்து நாற்காலியிலிருந்து கேட்டவன் எட்வின். அக்காவிடம் சொன்ன பொய்வரை எல்லாம் தெரிந்தவன். பொய்யை எடுத்துக்கொண்டு, அதற்கு மழையும் சேர்த்திருந்தான்.

"அண்ணா, லைவ்ல இருக்கோம்." மைக்கை நீட்டினாள் ஒரு சேனலின் ரெஹானா. மற்ற மைக்குகளும் நெருங்கின. "படம் எப்படி?"

எட்வின் ஹெல்மெட்டின் கண்ணாடியை மேலே தூக்கினான்.

நல்லா இருக்கு என்று சொல்லிவிடலாம். எட்வின் பிழைத்துக்கொள்வான். அக்கா தியேட்டருக்குப் போவாள். தம்பி ஓடுவதைக் கண்ணாலேயே பார்ப்பாள். அதன்பிறகு யார் வந்து என்ன சொன்னாலும் அவன் ஓடியவன்தான்.

அவன் மைக்கை வாங்கிக்கொண்டான்.

"அவன் ஹெட்செட்டக் கழட்டவே இல்ல."

ரெஹானா சிரித்தாள். "என்னண்ணா, தூங்கிட்டீங்களா? கழட்டி எறிஞ்சாரே. அதுக்குத்தானே அவ்ளோ விசில்."

"எறியல. காலைல ஆறு மணி வரைக்கும் அங்கயேதான் உக்காந்திருந்தான். பஸ்ஸும் எங்கயும் நிக்கல. நேரா வந்துச்சு."

"அது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

கேமராவைப் பார்த்தான். வழக்கமாக அதைப் பார்க்க மாட்டான்.

"பதினோரு கால் பேசினேன்," என்றான். "எங்கப்பா செத்துட்டாருன்னு தெரிஞ்சதுக்கு அப்புறம்."

எத்தனை ஸ்டார் என்று ரெஹானா கேட்கவில்லை. கூட்டத்தில் விசிலடிக்க வாயில் விரலை வைத்திருந்த ஒருவன் அதை மெல்ல எடுத்தான்.

சாலைக்கு அந்தப் பக்கம் எட்வின் கண்ணாடியை இறக்கிக்கொண்டான்.

சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. உருவிப் பார்த்தான்.

அக்கா.

திரையில் அந்தப் பெயரை ரெஹானாவும் பார்த்துவிட்டாள். குரலைத் தாழ்த்தினாள். "அண்ணா, லைவ்வ ஆஃப் பண்ணச் சொல்லட்டுமா?"

"வேணாம்," என்றான்.

எடுத்தான்.