நாகக் குளோரைட்டு

“பத்து நிமிஷம் குடுத்திருக்கார் மேடம். நாலு சமன்பாடு எழுதணும். மொதல்ல சொல்லால, அப்புறம் குறியீட்டால,” என்றார் மொழிபெயர்ப்பாளர் சுந்தரராஜன்.

செல்வமலர் பேனாவை எடுத்தாள். உலோகக் குளோரைட்டுகள், பதினொரு வருடம் பிள்ளைகளுக்குப் படிப்பித்த பாடம். இன்று பரீட்சை அவளுக்கு.

எதிரே இருந்தவர் அவளுடைய அகதி விண்ணப்பத்தை விசாரிக்கும் குடிவரவு அதிகாரி. யாழ்ப்பாணத்தில் இரசாயனவியல் ஆசிரியை என்றதும் சான்றிதழ் கேட்டார். வீட்டோடு எரிந்துபோனதென்றாள். அப்படியென்றால் எழுதிக் காட்டட்டும் என்றார்.

பிழை விட்டால், அவள் சொன்ன எதையும் நம்பமாட்டார். மகளோடு ஊருக்கு அடுத்த விமானம்தான்.

“ஆய்வுக்கூடச் சாவி யாருகிட்ட இருந்ததுன்னு கேக்குறார்,” என்றார் மொழிபெயர்ப்பாளர் சுந்தரராஜன்.

“என்னட்டைத்தான். வேறை ஒருத்தரிட்டையும் குடுக்கிறேல்லை.” அதைச் சொல்லும்போது மட்டும் அவள் குரல் நிமிர்ந்தது. அதிகாரி குறித்துக்கொண்டார்.

அவள் எழுதினாள்: நாகம் + ஐதரோகுளோரிக் அமிலம் → நாகக் குளோரைட்டு + ஐதரசன்.

சுந்தரராஜன் மெட்ராஸ்காரர். தாளை இரண்டு தரம் பார்த்துவிட்டு, “கோப்ரா ப்ளஸ் ஆசிட்...” என்று இழுத்தார். அதிகாரியின் புருவம் உயர்ந்தது.

“ஐயோ, பாம்பில்லை! உலோகம். துருப்பிடியாமல் வாளிக்குப் பூசுறது. நாங்கள் அப்பிடித்தான் சொல்லுறனாங்கள்!”

“ஓ, துத்தநாகமா?” என்று அவர் திருத்துவதற்குள் அவள் கீழே எழுதிவிட்டாள்: Zn + 2HCl → ZnCl₂ + H₂.

மகனீசியமும் இரும்பும் தானாக வந்தன. அலுமினியத்தில் கை நின்றது. குளோரினைச் சமப்படுத்தினால், இரண்டிரண்டாக வரவேண்டிய ஐதரசன் மூன்றாகி இடித்தது. அதிகாரி மணிக்கூட்டைப் பார்த்தார். சட்டென்று எல்லாவற்றையும் இரட்டித்தாள்.

2Al + 6HCl → 2AlCl₃ + 3H₂.

அதிகாரி ஒரு பள்ளிக்கூடப் புத்தகத்தை விரித்து ஒவ்வொன்றாக ஒப்பிட்டார். நான்கு சரி போட்டார். ஏதோ சொன்னார்.

“எல்லாமே சரியாம் மேடம். நீங்க கெமிஸ்ட்ரி டீச்சர்தான்னு முழுசா நம்புறாராம்.”

அவளுக்குக் கண் நிறைந்தது. “ஐயாவுக்கு நன்றி எண்டு சொல்லுங்கோ.”

அதிகாரி மூடிய பேனாவைத் திரும்பவும் திறந்து ஒரு கேள்வி கேட்டார். சுந்தரராஜன் மேசையைப் பார்த்தபடி மெல்லச் சொன்னார்.

“குண்டு செய்ய எத்தனை பேருக்குச் சொல்லிக் குடுத்தீங்கன்னு கேக்குறார்.”