மத்தி தேய்த்த கால்கள்

அந்தக் கரையின் உழவு நத்தைகள் உயிருள்ள எதையும் சீந்துவதில்லை. செத்த மீனோ ஜெல்லி மீனோ ஒதுங்கினால்தான் மணலைவிட்டு எழுந்து, அலையில் சறுக்கி வந்து மொய்க்கும்.

கடலில் தன் படகு கவிழ்ந்த ஒன்பதாம் நாள் மீனவன் வுயிசிலே தானாகவே நடந்து வீடு வந்து சேர்ந்தான். இரண்டு கிண்ணம் சோளக்கூழ் குடித்தான். அவன் மனைவி ஸோலேகா மூன்றாவது கிண்ணத்தையும் நிரப்பி வைத்தாள். மறுநாள் காலை வழக்கம்போல இருவரும் தூண்டிலோடு கரைக்குப் போனார்கள். பக்கத்திலேயே செத்த மீன் ஒன்று நாறிக் கிடந்தது. நத்தைகள் அதைத் தாண்டி வந்து அவன் கால்களில் ஏறின.

"என்னடி இது, என்னைய மட்டும் புடிச்சுக்குது?"

"கால அலம்பிட்டு வாய்யான்னா கேட்டாத்தானே!" என்று சிரித்தாள்.

அடுத்த நாளிலிருந்து, அவன் பார்க்காத நேரத்தில், இரைக்கு வைத்திருந்த மத்தியைத் தன் கால்களில் தேய்த்துக்கொண்டாள். நத்தைகள் அவளிடமும் வந்தன.

"பாருய்யா, எனக்குந்தான் வருது." அவன் முகம் தெளிந்தது.

குளிர்காலம் அப்படியே கழிந்தது. ஒரு காலை அவன் தூண்டில் முள்ளைக் கையில் எடுத்துக்கொண்டு, "இரை எங்கடி?" என்றான்.

"ஐயோ, மத்தி டப்பாவ வீட்லயே விட்டுட்டு வந்துட்டேன்."

சொன்ன பிறகுதான் குனிந்து பார்த்தாள். விடிகாலையில் சோப்புப் போட்டுக் கழுவிய கால்கள். அலை ஒன்று வந்து திரும்பியது. அவன் கால்களில் எத்தனை நத்தைகளோ, அவள் கால்களிலும் அத்தனை.

"குளுகுளுன்னு இருக்குல்ல?" என்றான்.

"இருக்கு," என்று அவள் தன் காலை அவன் காலோடு ஒட்டி வைத்துக்கொண்டாள்.