இன்னும் நாலு வருஷம்

"கையெழுத்துப் போட்டுட்டேன். இன்னும் நாலு வருஷம்" என்றான் ராமிரோ, தட்டிலிருந்து தலையை நிமிர்த்தாமல்.

யோலாண்டாவின் கையிலிருந்த கரண்டி அப்படியே நின்றது.

"இந்த வருஷத்தோட பட்டாளத்துக்குக் கும்பிடு போட்டுட்டு வந்துடறேன்னு சொன்னியே?"

"வெளிய வந்து என்ன பண்றது யோலி? இதுதான் பழகிப்போச்சு."

"நயேலி காலேஜ் செலவுக்குன்னு சொன்னாலாவது நியாயம் இருக்கு. பட்டாளத்துல உனக்குக் கிடைச்ச படிப்புச் சலுகையத்தான் போன மாசமே பொண்ணு பேருக்கு மாத்தியாச்சே! அப்புறம் என்ன? எங்களவிடத் துப்பாக்கி உசத்தியாப் போச்சா?"

ராமிரோ டார்ட்டியா ரொட்டியைப் பிய்த்து பீன்ஸில் தோய்த்தான்.

அவளுக்குக் கோபத்தைவிட பயம்தான் அதிகம். முந்தின கோடையில், ராமிரோ வெளிநாட்டில் இருந்தபோது, விறைப்பான சீருடையில் இரண்டு அதிகாரிகள் வந்து அவள் கதவைத் தட்டினார்கள். டெக்ஸாஸில் அந்த முகாம் ஊரில், அப்படி இருவர் வந்தால் சாவுச் செய்திதான் என்று குழந்தைக்குக்கூடத் தெரியும். அவளுக்கு உயிரே போய்விட்டது.

"மன்னிச்சுக்கங்கம்மா. பதினாலாம் நம்பர் வீடு எது?" என்றார்கள்.

ஐந்து நிமிஷத்தில் எதிர்வீட்டுப் பெண்ணின் அலறல் கேட்டது.

கையெழுத்துப் போட்ட ஆறாவது வாரம் ராமிரோவுக்கு மறுபடி வெளிநாட்டுக்கு உத்தரவு வந்தது. போய்விட்டான். அதிலிருந்து தெருவில் எந்தக் கார் வேகம் குறைத்தாலும் யோலாண்டா ஜன்னலுக்கு ஓடுவாள். கார் தாண்டிப் போகிறவரை மூச்சு விடமாட்டாள்.

நயேலிக்குக் கல்லூரியில் இடம் கிடைத்தது. கடிதத்தை எடுத்துக்கொண்டு முகாமின் கல்வி அலுவலகத்துக்குப் போனாள் யோலாண்டா. ஹாலிஸ் என்ற பெரியவர் சரிபார்த்தார்.

"எல்லாம் சரியா இருக்கும்மா. கட்டணம் முழுக்க அரசாங்கமே கட்டிடும்."

"பொண்ணுக்கு ஒரு வழி பிறந்தாச்சு சார். அப்பன்தான் பட்டாளப் பைத்தியம் பிடிச்சு, நாலு வருஷம் எழுதிக் கொடுத்துட்டுப் போயிட்டான். நான் தினம் செத்துப் பொழைக்கிறேன்."

ஹாலிஸ் கண்ணாடியைக் கழற்றினார்.

"அவர் எழுதிக் கொடுக்கலேன்னா பொண்ணுக்கு இது கிடைச்சே இருக்காதேம்மா!"

"என்ன சொல்றீங்க?"

"சலுகைய பிள்ளை பேருக்கு மாத்தணும்னா, இன்னும் நாலு வருஷம் வேலை பார்க்கறேன்னு ஒத்துக்கணும். அதான் சட்டம். அவர் கையெழுத்துப் போட வந்தப்ப, வேண்டாம்னா ரத்து பண்ணிக்கலாம்னு சொன்னேன். ‘இருக்கட்டும் சார்’னுட்டார். கம்ப்யூட்டர்ல அந்த விண்ணப்பத்தோட முதல் பக்கத்துலயே கொட்டை எழுத்துல போட்டிருக்குமே, நீங்க பார்க்கலையா?"

வீட்டில் சலுகையை மாற்றிய அன்று, ராமிரோ அந்தப் பக்கத்தை ரொம்ப நேரம் படித்துக்கொண்டிருந்தது அவளுக்கு ஞாபகம் வந்தது.

"பெத்த பொண்ணுக்குக் கொடுக்க இவ்வளவு யோசனையா? தள்ளு!" என்று மவுஸைப் பிடுங்கி, ‘சம்மதம்’ என்ற இடத்தில் அமுக்கியது அவள்தான்.